வின்னிபெக் எந்தத் திசையில் இருக்கிறது

பிப்ரவரி 2, திங்கள்

நீண்ட யோசனைக்குப் பிறகு இன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன். ஹாலில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் மாட்டுவது. இத்தகைய முடிவுகளை ஒரு மனிதன் வாழ்நாளில் இரண்டு மூன்று முறைதான் எடுக்கிறான் என்பதால் தேதியோடு குறித்து வைக்கிறேன். கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் நான். தேதி போடாத முடிவுகளால் பிற்காலத்தவர் படும் பாடு எனக்குத் தெரியும்.

கடிகாரம் வின்னிபெக் நேரத்தைக் காட்டும். வின்னிபெக், கனடாவின் நடுவில் இருக்கும் ஊர். என் மகள் இசைவாணி அங்கே இருக்கிறாள். முதல் பிரசவம். மார்ச் கடைசி வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னையும் என் மனைவி தனக்கொடியையும் வரச் சொல்லி, இருவருக்கும் சூப்பர் விசா எடுத்திருக்கிறாள். விசாவின் பெயரே அதுதான். அடைமொழி விஷயத்தில் அந்த நாட்டு அரசாங்கமும் நம் ஊர்ச் சுவரொட்டியும் ஒரே பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

திருச்சிக்கும் வின்னிபெக்குக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். நம் கடிகாரத்தில் அரை மணியைக் கூட்டி, பகலை இரவென்று எடுத்துக்கொண்டால் அங்கே என்ன நேரம் என்று தெரிந்துவிடும். இதைக் காரணம் காட்டித் தனக்கொடி இரண்டாவது கடிகாரம் எதற்கு என்றாள். போனிலேயே காட்டுகிறது என்றும் சொன்னாள். தபால் நிலையக் கவுன்ட்டரில் காலம் தள்ளியவள். எதையும் சுருக்கமாக முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும் பழக்கம் அவளுக்கு உண்டு.

ஆணி அடித்தேன். இரண்டாவது ஆணி நின்றது. கடிகாரத்துக்கு நேர் கீழே மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது.

பிப்ரவரி 4, புதன்

திருச்சிக்கும் வின்னிபெக்குக்கும் இடையே நேர்த் தூரம் ஏறக்குறைய பதின்மூவாயிரத்து இருநூற்றைம்பது கிலோமீட்டர். விமானத்தின் வேகத்தில் வகுத்தால் பதினைந்து மணி நேரம்கூட ஆகாது. காலை டிபனை முடித்துவிட்டு ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போய்விடலாம்.

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு தில்லைநகரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜமாலுதீன் பாயிடம் போனேன். அவர் முப்பத்தாறு மணி நேரம் ஆகும் என்றார். நேராக யாரும் போவதில்லையாம். கிழக்கே போனால் சிங்கப்பூரில் இறங்கி, டோக்கியோவில் இறங்கி, வான்கூவரில் இறங்கிப் போக வேண்டும். மேற்கே போனால் அபுதாபி, டொரோண்டோ. பாதிக்கு மேற்பட்ட பயணம் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது. அதை இங்கேயே செய்யலாமே என்று தோன்றியது.

“எந்தப் பக்கமாப் போடட்டும் சார், கிழக்காலயா மேற்காலயா?” என்று கேட்டார் பாய்.

இப்படி ஒரு கேள்வியை வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. தஞ்சாவூருக்குப் போக இரண்டு பக்கமாகவும் போகலாம் என்று எந்தக் கண்டக்டரும் சொல்வதில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

நான் பகுத்தறிவு வாசகர் மன்றத்தின் தலைவர். பதினாறு வருடமாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறேன். தினசரி காலண்டரை நான் தேதிக்காக மட்டுமே பார்க்கிறேன். ஆனால் தேதிக்குக் கீழே ராகு காலம், அதற்குக் கீழே எமகண்டம், அதற்கும் கீழே சூலம் என்று அச்சடித்திருக்கிறார்கள். கண்ணுக்குக் கொள்கை கிடையாது. அது பாட்டுக்கு இறங்கிப் போய்விடுகிறது.

சூலம் என்பது, இன்ன கிழமையில் இன்ன திசைக்குப் பயணம் போகக் கூடாது என்ற மூடநம்பிக்கை. திங்களும் சனியும் கிழக்கே ஆகாது. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே ஆகாது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. தனக்கொடிக்கு இருக்கலாம். இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. அடுத்தவர் நம்பிக்கையைத் துருவுவது நாகரிகம் அல்ல. அவளுடைய மன அமைதிக்காக, பாயிடம் திசை சொல்வதற்கு முன் கிழமையை ஒத்துப் பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

வாராவாரம் போல இன்று காலையும் இசைவாணி வீடியோவில் வந்தாள். தனக்கொடி சாப்பாட்டு மேஜையில் போனைச் செம்பின் மேல் சாய்த்து வைத்துப் பேசினாள். அந்த நேரத்தில் எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. ஃபிரிட்ஜ் மேஜைக்குப் பின்னால் இருப்பதால் நான் அந்தப் பக்கமாகப் போக நேர்ந்தது. பிறகு இன்னொரு முறையும் தாகம் எடுத்தது.

“அப்பா வராங்களாம்மா?”

“கேட்டுச் சொல்றேன்டி.”

நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பெண் கொஞ்சம் ஊதியிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருப்பு.

எனக்கும் இசைவாணிக்கும் மனத்தாங்கல் எதுவும் இல்லை. நான்கு வருடமாகப் பேச்சு இல்லை, அவ்வளவுதான். அவள் கல்யாணத்துக்கு நான் போகாததை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கலாம். அன்று எனக்குப் புதுக்கோட்டையில் ஒரு சொற்பொழிவு இருந்தது. முன்பே ஒப்புக்கொண்டது. தலைப்பு, ‘சாதி மறுப்பு மணங்கள்: நேற்று, இன்று, நாளை’. நல்ல கூட்டம். மாப்பிள்ளை ஜெயசீலன் பெரம்பலூர்ப் பக்கம். என்ன ஆட்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலேயே எனக்குச் சொல்லப்பட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

என் பழைய மாணவர் ஒருவர் இப்போது பதிப்பகம் நடத்துகிறார். ‘இரட்டைக் குவளை: தேநீர்க் கடைகளின் தீண்டாமை வரலாறு’ என்ற என் சிறுநூலை மறுபதிப்புச் செய்யப் போகிறாராம். புதிய முன்னுரை கேட்டார். பயணம் இருப்பதால் சிரமம் என்று சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டேன்.

மாவு அரைக்க உளுந்து வாங்கி வரச் சொன்னாள் தனக்கொடி. வாங்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்று ஓர் உண்மையைக் கண்டுபிடித்தேன். சுவரில் தொங்கும் உலகப் படம் பொய் சொல்கிறது. அதில் திருச்சியிலிருந்து வின்னிபெக்குக்கு இடது பக்கமாகவும் போகலாம், வலது பக்கமாகவும் போகலாம். அதனால்தான் பாய்க்கே குழப்பம். பூமி உருண்டை. எனவே கல்லூரியில் விடைபெற்ற நாளில் பரிசாகக் கொடுத்த உலக உருண்டையைப் பரண் மேலிருந்து இறக்கினேன். தனக்கொடி பூக்கட்டும் நூலில் ஒரு முழம் எடுத்து, ஒரு முனையைத் திருச்சியிலும் மறு முனையை வின்னிபெக்கிலும் வைத்து இழுத்துப் பிடித்தேன்.

நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. நேராக இமயமலை ஏறி, சைபீரியாவைத் தாண்டி, வட துருவத்தை உரசிக்கொண்டு, அந்தப் பக்கம் கனடாவில் இறங்கியது. வின்னிபெக் நமக்கு வடக்கே இருக்கிறது. ஐயமே இல்லை.

செவ்வாயும் புதனும் வடக்கே சூலம்.

பிப்ரவரி 16, திங்கள்

பாயிடம் நூல் விஷயத்தைச் சொன்னேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். நெடு நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “சார், ஏறி உக்காந்தப்புறம் பைலட்டு எந்தப் பக்கம் ஒடிக்கிறான்னு நம்மகிட்ட சொல்ல மாட்டான் சார். சீக்கிரம் தேதி சொல்லுங்க, மார்ச்சுல சீட்டு இறுகிடும்” என்றார்.

பயணத்தின் தத்துவம் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிடிபடுவதில்லை.

பிப்ரவரி 18, புதன்

கிழக்கே என்றால் திங்கள், சனி ஆகாது. மேற்கே என்றால் வெள்ளி, ஞாயிறு ஆகாது. வடக்கே என்றால் செவ்வாய், புதன் ஆகாது. வின்னிபெக் மூன்று திசையிலும் இருப்பதால் ஆறு கிழமையும் போயிற்று. மிஞ்சுவது வியாழன்.

பிப்ரவரி 19, வியாழன்

வியாழக்கிழமைகளை ஆராய்ந்தேன். இன்று முடியாது, மூட்டை கட்டவில்லை. 26ஆம் தேதி தனக்கொடியின் ராசிக்குச் சந்திராஷ்டமம். மார்ச் 5 கரிநாள். மார்ச் 12 நவமி. மார்ச் 19 அமாவாசை. நல்லது என்பாரும் உண்டு, ஆகாது என்பாரும் உண்டு. கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் ஆய்வாளன் ஒதுங்கி நிற்க வேண்டும். மார்ச் 26 எந்தக் குறையும் இல்லாத நாள்.

சாப்பிடும்போது தனக்கொடியிடம் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“பிள்ளை பொறந்து, பல்லு முளைச்சு, அது நடந்து வந்து கதவத் தொறக்கும். அப்பப் போவோமா?”

உனக்காகத்தான் இத்தனையும் பார்க்கிறேன் என்றேன். அவள் எழுந்து போய்க் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சூலம் என்று போட்டிருக்கும் வரியை விட்டுவிட்டு அதற்கு அடுத்த வரியில் விரலை வைத்தாள். பரிகாரம். இன்றைய தாளில் தெற்கே, தைலம். மற்றக் கிழமைத் தாள்களில் கிழக்கே போனால் தயிர், மேற்கே வெல்லம், வடக்கே பால். அதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சூலம் ஒன்றும் செய்யாதாம்.

“வியாதிய எழுதினவனே மருந்தும் எழுதியிருக்கான். நீங்க மேல் வரியோட நிறுத்திக்கிட்டீங்க.”

தயிரால் தீரும் தடையை ஒரு தடையாக எடுத்துக்கொள்வது அறிவுடைமை அல்ல என்றேன். அதனால்தான் நான் மேல் வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

“இருபத்தெட்டு வருசம் தபாலுக்கு முத்திரை குத்தினேங்க. ஒருத்தரும் திசை எழுதி அனுப்பினதில்ல. பேரும் ஊரும் எழுதுவாங்க, போய்ச் சேர்ந்துரும்.”

இது வாதமே அல்ல. பிறகு மோர் ஊற்றினாள்.

பிப்ரவரி 23, திங்கள்

இசைவாணிக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். டாக்டர் இரண்டு வாரம் முன்னதாகவே ஆகலாம் என்று சொல்லிவிட்டார். தனக்கொடி போனை வைத்துவிட்டு என் அறைக்கு வந்தாள். நான் முன்னுரை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வழக்கமாக வாசலில் நின்று பேசுவாள். இன்று உள்ளே வந்து, நாற்காலியில் இருந்த புத்தகங்களைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“அவ பயப்படுறா. நான் பக்கத்துல இருக்கணும். நீங்க வந்தா அவளுக்குப் பாதி வியாதி போயிரும். வரீங்களா?”

மார்ச் 26 என்று முன்பே சொல்லியிருக்கிறேனே என்றேன்.

“உலக உருண்டைய உருட்டினது போதும். என்கிட்டயாவது நேராச் சொல்லுங்க. விமானத்துக்குப் பயமா, அந்த வீட்டு வாசப்படிய மிதிக்கப் பயமா?”

இந்த வயதில் இப்படிப்பட்ட கேள்வியை ஒருவர் எதிர்பார்ப்பதில்லை. திசை பற்றிய என் முடிவு அறிவியல் அடிப்படையிலானது என்று விளக்கினேன். நூலை எடுத்துக் காட்டவும் முற்பட்டேன். அவள் பார்க்கவில்லை.

“நாலு வருசமா நீங்க சொல்றத அவகிட்டயும் அவ சொல்றத உங்ககிட்டயும் கொண்டு போய்க் குடுக்கிறேன். ரிட்டயர் ஆயி ஆறு வருசமாச்சுங்க எனக்கு. இன்னமும் தபால் பிரிச்சுக்கிட்டே இருக்கேன்.”

இதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள். எழுந்து போகும்போது புத்தகங்களை மீண்டும் நாற்காலியில் அடுக்கினாள். வரிசை மாறிவிட்டது. சரிசெய்ய அரை மணி நேரம் பிடித்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

ஜெயசீலனின் தாயார் பெரம்பலூரிலிருந்து வந்திருந்தார். அஞ்சலையம்மா என்று பெயர். தனக்கொடி ‘சம்பந்தி’ என்று சொல்கிறாள். பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் வேலை; மே மாத விடுமுறை விட்டால்தான் அவரால் கனடா போக முடியுமாம். அதனால் தனக்கொடியிடம் கொடுத்தனுப்பப் பிரசவ மருந்துப் பொடியும், கருப்பட்டியும், குழந்தையைச் சுற்றப் பழைய பருத்திச் சேலையைத் துவைத்துக் கிழித்த துணிகளும் கொண்டுவந்திருந்தார். துணிகள் மிகச் சுத்தமாக மடிக்கப்பட்டிருந்தன.

அந்த நேரம் பார்த்துத் தனக்கொடி தையல்காரரிடம் போயிருந்தாள். நான் உட்காரச் சொன்னேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். உபசரிக்க வேறு ஆள் இல்லாததால் நானே காபி கலந்தேன். என் திருமண வாழ்வில் இது மூன்றாவது முறை. மன்றக் கூட்டத்துக்கு வாங்கியதில் மிச்சமிருந்த காகிதக் கப்புகள் கைக்கு எதிரே இருந்தன. சுகாதாரமானவை. அதில் ஊற்றிக் கொடுத்தேன். எனக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாக டம்ளரில் ஊற்றிக்கொண்டேன்.

“ஐயா கையால காபி குடிப்பேன்னு நெனைக்கலீங்க” என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நானும் ஏதோ சொன்னேன். பேச்சுக்கு வின்னிபெக்கின் தூரம் உதவியாக இருந்தது. பதின்மூவாயிரம் கிலோமீட்டர் என்றேன். “அம்மாடி” என்றார். பெரம்பலூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு அறுபது கிலோமீட்டர்தான்; கல்யாணமாகி நான்கு வருடத்தில் இப்போதுதான் முதன்முறை வருகிறார்.

தனக்கொடி உள்ளே வந்தாள். சம்பந்தி கையில் இருந்ததைப் பார்த்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அடுக்களைக்குப் போய் ஒரு காகிதக் கப்பில் தனக்கும் காபி ஊற்றிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள். அவளுக்குக் காகிதக் கப் பிடிக்காது. காபியில் பசை வாடை வருகிறது என்று மன்றக் கூட்டங்களில் குறை சொல்வாள். மனிதர்களின் ருசி மாறிக்கொண்டே இருக்கிறது.

அஞ்சலையம்மா குடித்து முடித்துவிட்டு, “இத எங்கங்க போடுறது?” என்றார். தனக்கொடி அவர் கையிலிருந்து அதை வாங்கித் தன் கப்புக்குள் செருகி எடுத்துப் போனாள். அவரைப் பேருந்து ஏற்றிவிட மத்திய பேருந்து நிலையம் வரை தானும் போனாள்.

நான் முன்னுரையை முடித்துவிட்டேன். கடைசி வாக்கியம்: ‘இந்நூல் எழுதப்பட்ட காலத்தோடு ஒப்பிட, இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் குறிப்பிட வேண்டும்.’ அச்சுக்கு அனுப்பினேன்.

நான் காபி குடித்த டம்ளரைத் தனக்கொடி கழுவவில்லை. என் எழுதும் மேஜை மேல் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். மறந்துவிட்டாள் போல.

பிப்ரவரி 28, சனி

தனக்கொடி காலையில் தனியாகத் தில்லைநகர் போய்விட்டு வந்தாள். திங்கட்கிழமை, சிங்கப்பூர் வழி. திங்கள் கிழக்கே சூலம் என்று நினைவூட்டினேன். தெரியும் என்றாள்.

எனக்கும் சேர்த்தா போட்டாய் என்று கேட்டேன். இல்லை என்றாள். வியாழக்கிழமைதான் என்று நான் திட்டவட்டமாகச் சொல்லியிருந்ததை மதித்திருக்கிறாள்.

டம்ளர் மேஜையிலேயே இருக்கிறது. எறும்பு வரவில்லை, சர்க்கரை இல்லாத காபி.

மார்ச் 2, திங்கள்

எட்டு மணிக்கு ஆட்டோ வந்தது. விமான நிலையத்துக்கு நானும் வருவதாகத்தான் இருந்தேன். ஆனால் திங்களன்று ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். தனக்கொடி இதையெல்லாம் பார்ப்பவள் என்பதால், ஒன்பதுக்குக் கிளம்பலாம், சேர்ந்து போகலாம் என்றேன். அவள் எட்டுக்கே ஏறிவிட்டாள்.

கிளம்பும் முன் அடுக்களையில் நின்றுகொண்டே ஒரு ஸ்பூன் தயிர் சாப்பிட்டாள். பிறகு ஒரு துண்டு வெல்லம். பிறகு அரை டம்ளர் பால்.

“எந்தப் பக்கம் ஒடிச்சாலும் இருக்கட்டும்” என்றாள்.

பருப்புப் பொடி எங்கே, மாத்திரை எங்கே, கேஸ் புத்தகம் எங்கே என்று சொன்னாள். மாவு மூன்று நாளைக்கு வரும் என்றாள். ஆட்டோவில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, “போறேங்க” என்றாள்.

நம் பக்கத்தில் ‘போய்ட்டு வரேன்’ என்றுதான் சொல்வது வழக்கம். ‘போகிறேன்’ என்று சொல்லக் கூடாது என்பார்கள். அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். இலக்கணப்படி ‘போகிறேன்’ குறையில்லாத வாக்கியம்.

அஞ்சலையம்மா நேரே விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்பினாராம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு.

மார்ச் 4, புதன்

போய்ச் சேர்ந்துவிட்டாள். முப்பத்தெட்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. பாயின் கணக்கும் தவறு.

மார்ச் 6, வெள்ளி

மாவு தீர்ந்தது. கிரைண்டரின் மேல் மூடியைத் திறக்கும் விதத்தைப் பற்றி யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஓட்டலில் சாப்பிட்டேன். காபியைக் காகிதக் கப்பில் கொடுத்தார்கள். பசை வாடை வரத்தான் செய்கிறது.

மார்ச் 11, புதன்

நேற்று தனக்கொடி குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள்: ‘வலி எடுத்துருச்சு. இங்க ராத்திரி ஒம்பதுக்குக் கூப்பிடுறேன். எடுங்க. வாணி உங்ககிட்டப் பேசணும்கிறா.’

நான் இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்து ஏற்பாடுகளைச் செய்தேன். சவரம் செய்துகொண்டேன். இஸ்திரி போட்ட சட்டை எடுத்து வைத்தேன். போனைச் செம்பின் மேல் சாய்த்துப் பழகிப் பார்த்தேன். வின்னிபெக்கில் ஏழே முக்கால் ஆனதும் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஏழு அழைப்புகள் தவறியிருந்தன.

அங்கே போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டார்களாம். வருடா வருடம் செய்வார்களாம். என் கடிகாரம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாடுதான் நகர்ந்துவிட்டது.

நானே கூப்பிடலாம் என்று பார்த்தேன். இசைவாணியின் எண் என் போனில் இல்லை. தனக்கொடியின் போன் எடுபடவில்லை. சட்டையைக் கழற்றவில்லை, இரவு வரை அதையே போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

பெண் குழந்தை. ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்ததாம். அதற்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இருவரும் நலம். தனக்கொடி கூடவே இருந்திருக்கிறாள். ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழைய பருத்திச் சேலைத் துணியில் சுற்றியிருந்தார்கள். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்று நவமி.

மார்ச் 22, ஞாயிறு

குழந்தைக்கு அஞ்சலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

இரண்டாவது கடிகாரத்தைத் திருத்தி வைத்தேன்.

மார்ச் 26, வியாழன்

எந்தக் குறையும் இல்லாத நாள் என்று நான் கண்டறிந்த நாள் இதுதான். மன்றத்தில் என் நூலின் மறுபதிப்பு வெளியீடு. முன்னுரையை எல்லாரும் பாராட்டினார்கள். தேநீர் கொடுத்தார்கள், காகிதக் கப்பில். எல்லாருக்கும்.

வீட்டுக்கு வந்து டம்ளரைக் கழுவினேன். கறை லேசில் போகவில்லை. சாம்பல் போட்டால் போகும் என்பார்கள். இந்தக் காலத்தில் சாம்பலுக்கு எங்கே போவது. தேங்காய் நாரால் தேய்த்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தனக்கொடி பேசினாள். குழந்தையின் கை கேமரா முன்னால் வந்து போயிற்று. இசைவாணி பின்னால் தண்ணீர் எடுக்கப் போனாள். இரண்டு முறை போனாள்.

என் சமையல் தேறியிருக்கிறது என்று சொன்னேன். புளிக்குழம்பின் விவரம் கேட்டாள். திரும்பி வரும்போது எனக்குக் குளிராடை எதுவும் வேண்டாம் என்றேன். சரி என்றாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

தனக்கொடி திரும்பி வரும் நாளைக் குறித்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். போகும்போது அவசரப்பட்டுவிட்டாள். வரும்போதாவது முறையாக இருக்கட்டும்.

நூலை எடுத்து மறுபடி உருண்டையில் வைத்தேன். வியப்பான உண்மை: வின்னிபெக்கிலிருந்து கிளம்பினாலும் திருச்சி வடக்கேதான் இருக்கிறது. நூல் அதே துருவம் வழியாகத்தான் வருகிறது. இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று வடக்கே இருக்கின்றன. இதை வைத்து மன்றத்தில் ஒரு சொற்பொழிவே செய்யலாம்.

ஆக, அங்கிருந்தும் வியாழன்தான். குழந்தைக்கு ஐந்து மாதமாவது ஆகட்டும் என்று ஆகஸ்டைப் பார்த்தேன். ஆகஸ்டில் ஒரு வியாழன் வளர்பிறையில், கரிநாள் இல்லாமல், தனக்கொடியின் ராசிக்குச் சந்திராஷ்டமமும் இல்லாமல் அமைந்திருக்கிறது. இப்படி ஒரு நாள் அமைவது அபூர்வம். காலண்டரில் அந்தத் தாளின் ஓரத்தை மடித்து வைத்தேன். அன்றைக்கு விமான நிலையத்துக்குப் போக இப்போதே ஒரு காருக்குச் சொல்லி வைக்கலாமா என்று யோசிக்கிறேன். மாவும் அரைத்து வைக்க வேண்டும். கிரைண்டர் மூடி இடது பக்கம் திருகினால் திறக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் தில்லைநகர் போனேன். தனக்கொடியின் திரும்பும் டிக்கெட்டை எந்தத் தேதிக்குப் போட்டிருக்கிறது, அதை ஆகஸ்டில் இன்ன வியாழனுக்கு மாற்ற முடியுமா என்று பாயிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் தேடினார். டீ வரவழைத்தார். மறுபடியும் தேடினார்.

“மே மாசம் பெரம்பலூர் அம்மா போறாங்க சார், அவங்களுக்குப் போக வர ரெண்டும் போட்டாச்சு. நம்ம அம்மாவுக்கு ரிட்டர்ன் போடல சார். வேணாம்னுட்டாங்க. சூப்பர் விசால்ல, ஒரு தடவ போனா அஞ்சு வருசம் வரைக்கும் இருக்கலாம்.”